லண்டனில் ஏழு மணி நேரம் இருக்கிறது, ஐயா

கோலாலம்பூருக்கும் டொரொண்டோவுக்கும் எவ்வளவு தூரம் என்று கைப்பேசியில் தேடினால் 14,850 கிலோமீட்டர் என்று வருகிறது. எவ்வளவு நேரம் ஆகும் என்றால் 18 மணி என்று வருகிறது. தூரம் சரிதான். நேரம், யாருமே ஓட்டாத ஒரு விமானத்தின் நேரம். தூரத்தை மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி சேர்த்து எழுதிவிடுகிறார்கள். இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே நேரடி விமானமே கிடையாது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்ததிலிருந்து டொரொண்டோவின் ஸ்கார்பரோவில் மகன் வீட்டுப் படியேறியது வரை எனக்கு 65 மணி நேரத்துக்கு மேல் ஆனது. எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தாலும் 42 மணி ஆகியிருக்கும். போவதற்கு முன் இதை எனக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதுபவனாக இருந்து ஓய்வு பெற்றவன். ரப்பர்ப் பால்மரம் இருந்த காலத்தில் பாலை நிறுத்து எழுதினேன். செம்பனை வந்த பிறகு குலைகளை எண்ணி எழுதினேன். கணக்கில்லாமல் எனக்குப் பேச வராது, வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆவணியில் என் மகனுக்குக் கனடாவில் திருமணம். பெண் வீட்டார் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவர்கள் வழக்கப்படி தாலிக்கான பொன்னை மாப்பிள்ளை வீட்டில் வைத்து ஆசாரி உருக்க வேண்டும். பொன்னுருக்கு என்கிறார்கள். திருமணத்துக்கு முந்தின நாள் காலை ஒன்பது மணிக்கு நல்ல நேரம் குறித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் பெற்றோர் முன்னிலையில் நடக்க வேண்டிய சடங்கு அது. என் மனைவி காலமாகிவிட்டாள். ஆகவே நான் ஒருவனாவது நின்றாக வேண்டும். கனடா விசா கைக்கு வரத் தாமதமானதால் பொன்னுருக்குக்கு முந்தின நாள் மாலை போய் இறங்குகிற மாதிரிதான் பயணம் அமைந்தது.

டிக்கெட் எடுத்துத் தந்தவர் எங்கள் பட்டணத்து ஏஜண்ட். வண்டி இன்சூரன்ஸ், ரோட்டெக்ஸ், விமான டிக்கெட் எல்லாம் ஒரே மேசையில் நடக்கும். "போகவர ஒரே டிக்கெட்தானே?" என்று நான் வாய்விட்டுக் கேட்டேன். "ஒரே டிக்கெட்தான், ஐயா. வளைகுடாவில் ஒரு மாற்றம், லண்டனில் ஒரு மாற்றம். லண்டனில் ஏழு மணி நேரம் இருக்கிறது, ஊரையே சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம்" என்றார். 5,300 மலேசிய வெள்ளி வாங்கிக்கொண்டு, அவரே தட்டச்சு செய்த ஒரு தாளைத் தந்தார். அதில் லண்டன் வந்து சேரும் நேரம், லண்டன் புறப்படும் நேரம் என்று அழகாக இருந்தது. எந்த விமான நிலையம் என்று மட்டும் இல்லை. விமான நிறுவனம் அனுப்பும் டிக்கெட் வேறு, ஏஜண்ட் அடித்துத் தரும் பயணத்தாள் வேறு. காசு கொடுக்கும்போது முதலாவதைக் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கிற கடையில் இருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

அந்தத் தாளைப் பார்த்தபோது பயணம் அப்படியொன்றும் நீளமாகத் தெரியவில்லை. இரவு 10 மணிக்குக் கோலாலம்பூரில் ஏறினால் மறுநாள் மாலை 6 மணிக்கு டொரொண்டோ. விரல் விட்டு எண்ணினால் 20 மணி நேரம். ஆனால் டிக்கெட்டில் எப்போதும் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள். கோடையில் டொரொண்டோ நமக்குச் சரியாக 12 மணி நேரம் பின்னால் இருக்கிறது, நவம்பர் தொடங்கி மார்ச் வரை 13 மணி நேரம். 20 உடன் 12 சேர்த்தால் 32. முள் கடிகாரம் கட்டியிருப்பவர் கோடையில் போனால் அதைத் திருப்பவே வேண்டாம். பகலை இரவாக எண்ணிக்கொண்டால் போதும். மேற்கே போகிறவர்கள் நேர வித்தியாசத்தைக் கூட்ட வேண்டும், கிழக்கே வீடு திரும்புகிறவர்கள் கழிக்க வேண்டும். இந்த ஒரு கணக்கைப் போட்டுவிட்டால் எந்த ஏஜண்டும் நாள் கணக்கில் நம்மை மயக்க முடியாது.

தூரத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்து உருண்டையில் ஒரு நூலை எடுத்துக் கோலாலம்பூரில் ஒரு முனையையும் டொரொண்டோவில் மறுமுனையையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். நூல் லண்டன் பக்கம் போகாது, பசிபிக் பக்கமும் போகாது. நேரே வடதுருவத்தின் மேல் போய் நிற்கும். இரண்டு ஊர்களும் பூமியில் ஏறக்குறைய நேரெதிர்த் தீர்க்கரேகைகளில் இருப்பதால் அப்படி. கோலாலம்பூர் பூமத்திய ரேகையிலிருந்து ஏறத்தாழ இரண்டே முக்கால் பாகை வடக்கே இருக்கிறது; துருவத்துக்கு 87 பாகை சொச்சம் ஏற வேண்டும். அங்கிருந்து டொரொண்டோவுக்கு 46 பாகை சொச்சம் இறங்க வேண்டும். ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டருக்குச் சற்று மேல் என்று பெருக்கினால் அந்த 14,850 வந்துவிடும். இவ்வளவு தூரம் ஒரே மூச்சில் பறக்க முடியாது என்பதில்லை. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு 15,300 கிலோமீட்டருக்கு மேல் நிற்காமல் பறக்கிறார்கள். நம் பாதையில் நேரடியாக ஓட்ட எந்த நிறுவனமும் முன்வரவில்லை, அவ்வளவுதான். நான் போன வழியில், வளைகுடாவும் லண்டனும் சுற்றிப் போனால் ஏறக்குறைய 16,800 கிலோமீட்டர்.

இதில் தரைவழியை யாரும் சேர்ப்பதில்லை. சுங்கை சிப்புட்டில் மின்ரயில் ஏறினால் கே.எல். சென்ட்ரல் போய்ச் சேர மூன்று மணி நேரம் பிடிக்கும். அங்கிருந்து விமான நிலைய விரைவு ரயிலில் 28 நிமிடம், கட்டணம் 55 வெள்ளி. காரில் போனால் இன்னும் சீக்கிரம் என்று பக்கத்து வீட்டுத் தம்பி சொன்னார். விடுமுறை நாளில் தஞ்சோங் மாலிமுக்கும் ரவாங்குக்கும் நடுவே நிற்கும் வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். ரயில்தான் நல்லது.

விமான நிலையத்தில் பெட்டியைப் பதியும் முகப்பில்தான் கதை தொடங்கியது. அங்கிருந்த பெண் தமிழ்ப் பிள்ளை. கடப்பிதழை வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டு, "அங்கிள், இந்த டிக்கெட் லண்டன் ஹீத்ரோவோடு முடிகிறது. அதற்கு மேல் எப்படிப் போகிறீர்கள்?" என்றாள். தாளைக் காட்டினேன். கைப்பேசியில் அந்த விமான எண்ணைத் தேடிப் பார்த்தவள், "இது கேட்விக்கிலிருந்து புறப்படுகிறது. வேறு விமான நிலையம், அங்கிள். பெட்டியை டொரொண்டோவரை போட முடியாது. ஹீத்ரோவில் நீங்களே எடுத்துக்கொண்டு வெளியே போக வேண்டும். வெளியே போவதானால் பிரிட்டனின் இ.டி.ஏ. வேண்டும்" என்றாள். எனக்குக் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. மலேசியர்களுக்கு பிரிட்டன் போக விசா வேண்டாம் என்பதுதான் ஊரறிந்த செய்தி. 2025 ஜனவரியிலிருந்து இந்த மின்னணு அனுமதி வேண்டும் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. ஹீத்ரோவுக்குள்ளேயே, குடிநுழைவைத் தாண்டாமல் விமானம் மாறுகிறவர்களுக்கு அது தேவையில்லை. எனக்குத் தேவைப்பட்டது.

ஏஜண்டைக் கூப்பிட்டேன். "இரண்டும் லண்டன்தானே, ஐயா" என்றார். அதற்கு மேல் அவரிடம் பேச எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பிள்ளையே ஒரு ஓரமாக நிற்க வைத்து, செயலியை இறக்கித் தந்தாள். கடப்பிதழைப் படம் எடுக்க வேண்டும், பிறகு கைப்பேசியைக் கடப்பிதழின் மேல் வைத்து உள்ளே இருக்கும் சில்லைப் படிக்க வைக்க வேண்டும், பிறகு முகத்தைக் காட்ட வேண்டும். என் முகத்தை அது ஏற்கவே இல்லை. கண்ணாடியைக் கழற்றினேன், அப்போது திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. மேலே இருந்த விளக்கு வழுக்கைத் தலையில் பட்டுத் தெறிக்கிறது என்று பின்னால் நின்ற ஒரு மலாய்க்காரப் பையன் கண்டுபிடித்து, என்னை ஒரு தூணின் நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போனான். அங்கே எடுபட்டது. அப்போது 16 பவுண்டு கட்டணம், அட்டை எண்ணை மகன் அங்கிருந்து சொன்னான். பெரும்பாலும் சீக்கிரம் வந்துவிடும், ஆனால் மூன்று வேலை நாள்வரை ஆகலாம் என்று எழுதியிருந்ததைப் படித்ததும் அடிவயிறு கலங்கியது. முகப்பை மூடும் நேரத்தில் மின்னஞ்சல் வந்தது. நீங்கள் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வாரம் முன்னதாகச் செய்துகொள்ளுங்கள். இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். அமெரிக்கா வழியாக மாறுகிறவர்களுக்கு இன்னும் கெடுபிடி. அங்கே விமானம் மாறுவதற்கு மட்டுமே இறங்கினாலும் மலேசியக் கடப்பிதழுக்கு விசா வேண்டும்.

விமானத்தில் எனக்குத் தூக்கம் இல்லை. ஹீத்ரோவிலிருந்து கேட்விக் எவ்வளவு தூரம் என்று பணிப்பெண்ணிடம் கேட்டேன். சாலை வழியாக 65 கிலோமீட்டர் போல இருக்கும் என்றாள். ஈப்போவிலிருந்து தாப்பா போகிற தூரம். ஏழு மணி நேரம் இருக்கிறதே, போய்விடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். வளைகுடாவில் இறங்கி மாறியபோது அடுத்த விமானத்தில் ஏதோ பழுது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் கதவடியில் உட்கார வைத்தார்கள். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்ப்பதும், கேட்விக் நேரத்தைக் கழித்துப் பார்ப்பதுமாக இருந்தேன். ஐந்து மணி நேரமாகச் சுருங்கியது. ஹீத்ரோவில் தானியங்கி வாயில்கள் வரிசையாக இருக்கின்றன. சிங்கப்பூர், ஜப்பான், தென்கொரியக் கடப்பிதழ்க்காரர்கள் அவற்றில் புகுந்து போய்விட்டார்கள். மலேசியக் கடப்பிதழுக்கு அந்த வசதி இல்லை. அதிகாரியைப் பார்க்கும் வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். பெட்டி அதற்கு முன்பே வந்து, பட்டையிலிருந்து இறக்கப்பட்டு ஒரு தூணருகே அநாதையாகக் கிடந்தது. பஸ் நிலையத்தைத் தேடிப் பிடித்து ஏறியபோது மதியம் பன்னிரண்டரை. நெடுஞ்சாலையில் விபத்து ஒன்று. பஸ் நகர்ந்ததைவிட நின்றதே அதிகம். பின்னால்தான் தெரிந்தது, ஹீத்ரோவில் எலிசபெத் வழித்தட ரயில் ஏறி ஃபேரிங்டனில் ஒரே ஒரு மாற்றம் மாறினால் கேட்விக் போய்விடலாம், சாலை நெரிசல் ஒன்றும் செய்யாது என்று.

கேட்விக் முகப்புக்குப் போனபோது மணி இரண்டேகால். விமானம் மூன்று மணிக்கு. முகப்பு இரண்டு மணிக்கே மூடிவிட்டது. விமானம் கண்ணெதிரே நிற்கிறது, ஏற முடியாது. அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். நான் வந்த விமானம் தாமதம் என்றேன். "அது வேறு டிக்கெட். எங்கள் கணக்கில் நீங்கள் வராத பயணி" என்றார். போகும் பயணத்துக்கு வராததால் அதே டிக்கெட்டில் இருந்த திரும்பும் பயணமும் ரத்தாகிவிட்டது என்று அவர் சொன்னபோது, எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் காட்டுவது? ஏஜண்ட் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் தூங்கிக்கொண்டிருப்பார்.

ஒரே டிக்கெட் என்றால் என்ன என்று அந்த இரவில் தெளிவாகப் புரிந்தது. எல்லாப் பகுதிகளும் ஒரே டிக்கெட்டில் இருந்தால், முதல் விமானம் தாமதித்து அடுத்ததைத் தவறவிட்டாலும், வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. பெட்டியும் பெரும்பாலும் கடைசி ஊர்வரை தானே போகும். தனித்தனி டிக்கெட் என்றால் நடுவில் இருக்கிற ஆபத்து முழுவதும் நம் தலையில். பல பயணக் காப்பீடுகள்கூட அப்படித் தவறவிட்டதற்குப் பணம் தருவதில்லை. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. டிக்கெட்டில் 13 இலக்கத்தில் ஓர் எண் இருக்கும். கோலாலம்பூரில் தொடங்கிக் கடைசி ஊர்வரை எல்லா விமானங்களும் அந்த ஒரே எண்ணின் கீழ் இருக்கின்றனவா என்று பாருங்கள். அடுத்தது, ஊர்ப் பெயரை நம்பாமல் மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள். ஹீத்ரோ எல்.எச்.ஆர்., கேட்விக் எல்.ஜி.டபிள்யூ. இறங்கும் குறியீடும் ஏறும் குறியீடும் ஒன்றாக இருக்க வேண்டும். லண்டன் மட்டுமல்ல, தோக்கியோவில் நரித்தா, ஹனேடா என்று இரண்டு, இஸ்தான்புல்லில் இரண்டு, பாங்காக்கில் சுவர்ணபூமியும் டோன் முவாங்கும். இந்த மூன்று ஊர்களுக்கும் கோலாலம்பூரிலிருந்து நாள்தோறும் நம்மவர்கள் போகிறார்கள். முகப்பில் பெட்டிக்கு ஒட்டும் சீட்டையும் ஒருமுறை படித்துவிடுங்கள், கடைசி ஊரின் எழுத்துகள்தான் அதில் இருக்க வேண்டும்.

மறுநாள் அதே நேரத்து விமானத்துக்கு ஒருவழி டிக்கெட் 590 பவுண்டு. விமான நிலையத்துக்கு அருகே ஓர் அறை 98 பவுண்டு. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே பெட்டியைத் திறக்க இடமில்லை. மகனைக் கூப்பிட்டு, பொன்னுருக்குக்கு வர முடியாது என்று சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பரவாயில்லை அப்பா, மாமா நிற்பார்" என்றான். அம்மா வழியில் தூரத்து மாமா ஒருவர் அங்கே இருக்கிறார். நல்ல மனிதர். அன்று மட்டும் அவர் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

மறுநாள் கேட்விக்கில் மணி இரண்டு, அங்கே காலை ஒன்பது. விமானத்தில் ஏறும் வரிசையில் நின்றபடி கைப்பேசியில் பார்த்தேன். யாரோ பிள்ளை பிடித்திருந்த கைப்பேசி; பாதி நேரம் கூரையும் பட்டுச்சேலைகளும்தான் தெரிந்தன. பிறகு யாரோ அதட்ட, படம் கீழே இறங்கியது. ஆசாரி குகையில், அதாவது பொன் உருக்கும் சின்னக் கிண்ணத்தில், நாணயத்தைப் போட்டு ஊதினார். நாணயத்தின் விளிம்பு முதலில் மழுங்கி, அதிலிருந்த உருவம் கலைந்து, நடுவே குவிந்து ஒரு துளியாக உருண்டது. மாமா குனிந்து பார்த்தார், மகன் நிமிர்ந்து கைப்பேசியைப் பார்த்தான். "போர்டிங் பாஸ், ப்ளீஸ்" என்றாள் என் முன்னால் நின்ற பெண்.

மாலை ஆறு மணிக்கு டொரொண்டோ. விமான நிலையம் மிசிசாகாவில், மகன் வீடு நகரத்தின் மறுகோடியில். 401 நெடுஞ்சாலையின் மாலை நெரிசலில் இன்னும் ஒரு மணி நேரம். மறுநாள் திருமணத்தில் இருந்தேன், நன்றாக நடந்தது. உட்கார்ந்த இடத்தில் எல்லாம் கண் சொக்கியது.

திரும்பும்போது மகன் ஒரே டிக்கெட்டாக, தைப்பே வழியாகப் போட்டுக் கொடுத்தான். வீட்டுக்கு வந்ததும் நூலை வைத்து அளந்து பார்த்தேன். டொரொண்டோவிலிருந்து தைப்பே ஏறக்குறைய 12,100 கிலோமீட்டர், அங்கிருந்து கோலாலம்பூர் 3,200 சொச்சம். மொத்தம் 15,300. நேர்க்கோட்டைவிட 450 கிலோமீட்டர்தான் கூடுதல், நான் போன வழியைவிட 1,500 கிலோமீட்டர் குறைவு. ஒரே ஒரு மாற்றம். ஹாங்காங் வழி இன்னும் சற்றுக் குறைவு. கனடா போகிறவர்கள் மேற்கே பார்த்துத் தேடுவதற்கு முன் கிழக்கே ஒருமுறை தேடிப் பார்க்கலாம். சீசனைப் பொறுத்து விலை கூடலாம், ஆனால் நேர மிச்சத்துக்கும் ஒரு விலை உண்டு.

புதிய டிக்கெட், அறை, பஸ், அனுமதிக் கட்டணம், திரும்பும் டிக்கெட் எல்லாம் சேர்த்து எனக்குக் கூடுதலாகப் போனது 7,200 வெள்ளிக்கு மேல். முதலிலேயே ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால் 800 வெள்ளிதான் அதிகம் ஆகியிருக்கும் என்று ஈப்போவில் வேறொரு கடையில் அதே தேதிகளுக்குக் கணக்குப் பார்த்துச் சொன்னார்கள். நம் நாட்டில் பயண ஏஜண்டுகள் சுற்றுலா அமைச்சிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். எங்கள் பட்டணத்துக்காரரின் சுவரில் காலண்டர்கள் மட்டும் தொங்குகின்றன. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனு கொடுக்கலாம், 50,000 வெள்ளிவரை கேட்கலாம், வக்கீல் வேண்டாம், மூன்று ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். போர்டிங் பாஸ், பஸ் சீட்டு, அறை ரசீது, ஏஜண்ட் தட்டச்சு செய்த அந்தத் தாள் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி மனுவோடு இணைத்துவிட்டேன். போன வாரம் ஏஜண்ட் ஆள் அனுப்பினார். 1,500 வெள்ளி தருகிறாராம், மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டுமாம். வந்த ஆளுக்குத் தேநீர் கொடுத்து, கணக்குத் தாளின் நகல் ஒன்றை உறையில் போட்டுக் கொடுத்தனுப்பினேன்.